இத்தனை பாடங்கள் எதற்காக?

பள்ளி மணி அடிக்கிறது. தமிழ்ப் புத்தகம் பைக்குள் போகிறது; கணக்குப் புத்தகம் வெளியே வருகிறது. சற்று நேரம் சென்றதும் மீண்டும் மணி. கணக்கு போய் அறிவியல் வருகிறது. நாள் முழுவதும் இப்படியே. ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் இம்மணியோசைக்கு நாம் பழகிவிட்டோம். ஆனால் இத்தனை பாடங்கள் எதற்காக என்று என்றைக்காவது நின்று கேட்டதுண்டா?

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வி எழுந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பொதுத் தேர்வுப் பயம் எங்களைப் பிடித்துக்கொண்டது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்னும் ஐந்து பாடங்களுக்கும் தலைக்கு நூறாக 500 மதிப்பெண்கள். தையலுக்கும் ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. ஆகவே அந்த வேளைகளை எல்லாம் கணக்குக்கும் அறிவியலுக்கும் தந்துவிடும்படி நாங்களே வகுப்பாசிரியையிடம் கேட்டுப் பெற்றோம். விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் ஆசிரியை. வகுப்பே கை தூக்கியது. ஒருத்தி மட்டும் தூக்கவில்லை. அவளை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. அதனால் விளைந்ததைக் கட்டுரையின் முடிவில் சொல்வோம்.

பாடத்திட்டம் வந்த கதை

நம் பாடத்திட்டம் ஒரே நாளில் வந்ததன்று. கற்றறிந்த பெரியோர் பலர் கூடி ஆராய்ந்து வகுத்தது. நாடு விடுதலை பெற்றபின், 1952ஆம் ஆண்டில் இந்திய அரசு இடைநிலைக் கல்விக் குழு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் தமிழகத்தவரான டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். அவர் புகழ்பெற்ற மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கியவர். அக்குழு 1953இல் தன் அறிக்கையைத் தந்தது. உயர்நிலைப் பள்ளியைக் கல்லூரிக்குப் போகும் வாசற்படியாக மட்டும் எண்ணலாகாது, அத்துடன் படிப்பை முடித்துக்கொள்வோரும் வாழ்க்கைக்கு ஆயத்தமாகி வெளியேற வேண்டும் என்பது அக்குழுவின் கொள்கை.

எனவே மொழிகள், சமூகப் பாடம், கணக்கும் சேர்ந்த பொது அறிவியல், ஏதேனும் ஒரு கைத்தொழில் ஆகியவை எல்லார்க்கும் பொது என்று அக்குழு வகுத்தது. அதற்குமேல் மனிதவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகவியல், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்னும் ஏழு பிரிவுகளுள் ஒன்றை மாணவர் தம் விருப்பம்போல் தெரிந்தெடுக்கலாம் என்றது. தோழியரே, ஒன்றைக் கவனித்தீர்களா? நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய கைத்தொழில், அந்தப் பட்டியலில் எல்லார்க்கும் பொதுவான பாடமாக இருந்தது!

பின்னர் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, பத்தாண்டுப் பள்ளிப் படிப்பு, அதன்மேல் இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பு, அதன்மேல் மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்னும் ஏணியை அமைத்தது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் 1978இல் தொடங்கின. அதற்குமுன் எங்கள் பாட்டிமார் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில் இருந்தது. 1968 முதல் நம் மாநிலத்தில் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்திருந்த பாடத்திட்டங்கள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் சமச்சீர்க் கல்வியாக ஒன்றாயின.

இது வரலாறு. ஆயினும், ‘ஒவ்வொரு பாடமும் நமக்கு என்ன செய்கிறது?’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை காண நம் ஊர்ப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஊத்துக்கோட்டைக்கு அருகே தாமரைக்குப்பத்தில் ‘ஜீரோ பாயிண்ட்’ என்று ஓர் இடம் உண்டு. ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நதி நீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் இடம் அது. அந்தக் கால்வாய்க் கரையில் நின்று ஒவ்வொரு பாடத்தையும் கூப்பிட்டு, ‘இந்தத் தண்ணீரைப் பற்றி நீ என்ன அறிவாய்?’ என்று கேட்போமா?

சமூக அறிவியல் சொல்வது

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? ஸ்ரீசைலத்தில் பிரியும் கிருஷ்ணா நீர், வடபெண்ணையாற்றின் சோமசிலா அணைக்கும், அங்கிருந்து கண்டலேறு அணைக்கும் வருகிறது. கண்டலேறுவிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி நம் எல்லையை அடைகிறது. இன்னும் 25 கிலோமீட்டர் சென்றால் பூண்டி ஏரி. இது நிலவியல்.

அயல் மாநிலங்கள் ஏன் நமக்கு நீர் தர வேண்டும்? சென்னை மக்களின் தாகம் தீர்க்க, மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. தர 1976இல் இசைந்தன. 1983இல் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இடையே விரிவான ஒப்பந்தம் ஏற்பட்டது. 1996இல் முதன்முதலாக நீர் நம் எல்லைக்கு வந்தது. பேச்சுத் தொடங்கியதற்கும் தண்ணீர் வந்ததற்கும் இடையே இருபது ஆண்டுகள்! அண்டை வீட்டாருடன் பொறுமையாகப் பேசித் தீர்க்கலாம் என்னும் பாடத்தைக் குடிமையியல் இங்கே கற்பிக்கிறது.

நீர் போய்ச் சேரும் பூண்டி ஏரிக்கும் ஒரு கதை உண்டு. சென்னை மேயராக இருந்த தியாகி சத்தியமூர்த்தியின் முயற்சியால் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1940இல் வேலை தொடங்கியது; 1944இல் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. ஆனால் அவர் 1943லேயே மறைந்துவிட்டார். தாம் காணாத நீரைப் பிறர்க்குத் தந்த அவர் பெயரையே அந்த நீர்த்தேக்கம் தாங்கி நிற்கிறது.

எல்லை என்பதும் வரலாறு வரைந்த கோடுதான். 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1960இல் எல்லை மாற்றியமைக்கப்பட்டபோது திருத்தணி நம்முடன் சேர்ந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஊர்கள் சில ஆந்திரம் சென்றன. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். எங்கள் வகுப்பிலேயே வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் தோழியர் பலர் இருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னும் பின்னே போனால் வியப்பே மேலிடும். நமக்குத் தெற்கே, பூண்டிக்கு அருகேயுள்ள அதிரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாரும் அவர் நண்பர் வில்லியம் கிங்கும் ஆதிமனிதரின் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்தாய்ந்த சாந்தி பப்பு என்னும் அம்மையாரின் குழுவினர், அவற்றுள் மிகப் பழையவை ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியிட்டனர். உலகமே திரும்பிப் பார்க்கும் இடம், நாம் மிதிவண்டியில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. சமூக அறிவியல் படியாதவளுக்கு அது வெறும் கல்.

கணக்கு சொல்வது

டி.எம்.சி. என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அது நூறு கோடி கன அடி. கால்வாயில் வினாடிக்கு 1,000 கன அடி நீர் வருவதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். பெருக்கினால் ஒரு நாளில் 8 கோடியே 64 இலட்சம் கன அடி. ஆக, ஒரு டி.எம்.சி. வந்து சேர ஏறக்குறைய பதினொன்றரை நாட்கள். ஒப்பந்தப்படி நமக்குரிய 12 டி.எம்.சி.யும் இதே வேகத்தில் வர 139 நாட்கள் ஆகும். பூண்டி ஏரியின் கொள்ளளவோ 3.231 டி.எம்.சி.தான். ஆகவே வருகின்ற நீரைப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த ஒரு சிறுமி, ஒரு மாநகரத்தின் தாகத்தை நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் அளந்துவிடலாம்!

வீட்டுக் கணக்குக்கும் இதுவே துணை. எங்கள் தோழி ஒருத்தியின் பெற்றோர் செங்கல் சூளையில் பணி செய்கின்றனர். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கியிருந்தால் வாராவாரம் கழித்துக்கொள்வார்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருவதைப் பெற்றோர் அப்படியே மடித்து வைத்துவிடுவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தோழி அந்தச் சீட்டுகளை எல்லாம் அடுக்கிக் கூட்டிப் பார்த்தாள். ஒரே வாரத்துக் கழிவாகிய 500 ரூபாய் இரண்டு சீட்டுகளில் ஏறியிருந்தது. அவள் தந்தை மேஸ்திரியிடம் சீட்டுகளைக் காட்ட, அவரும் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். “கூட்டல்தானே!” என்று அவள் எங்களிடம் சாதாரணமாகச் சொன்னாள். அவள் வீட்டில் அது சாதாரணமாக இருந்திருக்காது.

அறிவியல் சொல்வது

மூன்று மாநிலங்களும் தருவது 15 டி.எம்.சி. நமக்கு உரியதோ 12. மீதி மூன்று எங்கே போயிற்று? கணக்கு இங்கே வாய்மூடி நிற்கும்; அறிவியல் விடை சொல்லும். வெயிலில் ஆவியாவதும், வழியெல்லாம் மண்ணுக்குள் கசிவதுமாக நீர் குறையும் என்பதைக் கருதியே ஒப்பந்தத்தில் அவ்வாறு கழித்திருக்கிறார்கள்.

நம் ஆரணியாறு ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, நம் ஊர் வழியே சென்று பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. மலைப்பக்கம் பெய்யும் மழை சில மணி நேரங்களில் நம் ஊரில் வெள்ளமாகிறது. இங்கே வானம் வெளுத்திருக்கையில் ஆறு பெருகுவதன் காரணம் அறிந்தவள், சிற்றாறுதானே என்று இறங்க மாட்டாள்.

மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உப்புக் கரித்ததற்கும் காரணம் உண்டு. நிலத்தடி நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால், அது விட்டுச் சென்ற இடத்தில் கடல்நீர் உள்ளே புகும். கடல்நீர் கனமானது, ஒருமுறை புகுந்தால் எளிதில் வெளியேறாது. தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது என்பதும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கொல்லவே குளோரின் கலக்கிறார்கள் என்பதும் அறிவியல் தந்த அறிவு. குடத்து நீரில் மருந்து வாடை வீசுகிறதென்று கொட்டிவிடும் அத்தைமார்க்கு இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

தமிழும் ஆங்கிலமும் சொல்வது

இவ்வளவும் அறிந்தபின் ஒரு தெருவில் குழாய் உடைந்து கிடந்தால் என்ன செய்வது? மனு எழுத வேண்டும். பெறுநர், பொருள், நாள், இடம், கையொப்பம் என்று தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதிப் பழகியது அப்போது கைகொடுக்கும். மனத்திலுள்ளதை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவளின் குறை, எவ்வளவு உண்மையானாலும், யார் காதிலும் ஏறாது. அதற்கும் மேலாக, நம் பாட்டி எதற்கு அழுதாள், எதற்குச் சிரித்தாள் என்பதை நமக்குச் சொல்லும் மொழி தமிழ். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இம்மொழியை அரும்பாடுபட்டுக் கற்று, 1732இல் சதுரகராதி என்னும் அகராதியையே நமக்குத் தந்தார். அயலார் ஒருவர் அவ்வளவு பாடுபட்டிருக்க, நாம் நம் மொழியில் பிழையின்றி ஒரு பக்கம் எழுத வேண்டாமா?

ஆங்கிலமோ தூரத்துக்குச் செல்லும் வண்டி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் எங்கள் அக்காமார், இயந்திரத்தின் மீதும் இரசாயனப் பீப்பாய் மீதும் உள்ள எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மருந்துப் பட்டியிலும் அப்படியே. அங்கே ஒரு சொல் புரிவதும் புரியாமற் போவதும் விரலையும் கண்ணையும் காப்பதைப் பொறுத்த செய்தி.

ஒரு தோழியின் தடை

இதை எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது தோழி ஒருத்தி எழுந்து தடை சொன்னாள்: “கணித மேதை இராமானுஜன் மற்றப் பாடங்களில் தவறியதால்தானே கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார்? அவரை வருத்தியவை இந்தப் பல பாடங்கள்தாமே?”

நியாயமான கேள்வி. எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு நேர்ந்தது வருந்தத்தக்கதே. ஒரு பாடத்தில் பின்தங்கிய காரணத்தால் ஒரு பிள்ளையின் வழியையே அடைப்பது சரியன்று. ஆனால் 1913ஆம் ஆண்டு சனவரியில் அவர் இங்கிலாந்திலிருந்த பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை அனுப்பினாரே, அது எப்படிச் சென்றது? ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதமாகவே சென்றது. அந்தக் கணிதம் கடல் கடக்க ஒரு மொழி தேவைப்பட்டது. ஒரு பாடத்தில் சிறப்பதும் வேண்டும்; அதைப் பிறரிடம் கொண்டுசெல்ல மற்றவையும் வேண்டும்.

பாடங்களுக்கிடையே மதில் இல்லை என்பதற்கு இன்னொரு சான்று சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்களை வகைப்படுத்தக் கணித மூளையைப் பயன்படுத்தி, இந்திய நூலகவியலின் தந்தை எனப் புகழ் பெற்றார். நாங்கள் விட்டுக்கொடுத்த நூலக வேளையை நினைத்து வெட்கப்பட்டோம்.

மதிப்பெண் இல்லாத வேளைகள்

இனி, தொடக்கத்தில் நிறுத்திய கதைக்கு வருவோம். முதல் வெள்ளிக்கிழமை தையல் ஆசிரியை வழக்கம்போல் வகுப்பு வாசலுக்கு வந்தார். உள்ளே கணக்கு நடப்பதைக் கண்டு, கத்தரிக்கோல் பெட்டியுடன் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மூன்று வாரங்கள் இப்படியே சென்றன. மாலைக்குள் தலை கனத்தது. சிறு பேச்சுக்கும் சண்டை வந்தது. சனவரித் தேர்வில் மதிப்பெண் ஏறவுமில்லை. இதயத்தின் படம் வரையச் சொன்னால், ஓவியப் பயிற்சி விட்டுப்போன கை கோணலாக வரைந்தது.

அன்று கை தூக்காதவள் யார் தெரியுமா? செங்கல் சூளைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்த அதே தோழிதான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இருக்குமோ என்னவோ, அதற்குள் ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொண்டால் வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கலாம் என்று அவள் எண்ணியிருந்தாள். சுற்றளவை நான்கில் ஒரு பங்காக்கித் துணியில் குறிக்கும் பாடம் அடுத்த வாரம் நடக்க இருந்தது. “எல்லாரும் கேட்கும்போது நான் மட்டும் எப்படி வேண்டாம் என்பேன்?” என்றாள். எங்களுக்குப் பேச்சு எழவில்லை. எங்கள் ஐந்நூறு மதிப்பெண்ணுக்காக அவளுடைய பிழைப்பை நாங்கள் கை தூக்கி எடுத்துவிட்டோம்.

அன்று மாலையே தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “நன்னெறி வகுப்பையும் விட்டுக்கொடுத்தீர்கள். ஆனால் பாடம் படித்துவிட்டீர்கள்” என்று மட்டும் சொன்னார்கள். மறு வாரம் தையலும் விளையாட்டும் திரும்பி வந்தன. தையல் ஆசிரியை விட்டுப்போன பாடங்களை மதிய இடைவேளையில் நடத்தி ஈடுசெய்கிறார்கள். எறிபந்து ஆடிவிட்டு வந்து போடும் கணக்கு சீக்கிரம் விடை தருகிறது என்பதையும் கண்டுகொண்டோம்.

அன்புத் தங்கையரே! எது தேவை, எது தேவையில்லை என்று பத்து வயதிலோ பதினைந்து வயதிலோ தீர்ப்புச் சொல்ல நம்மால் இயலாது. நமக்குத் தேவையில்லாதது பக்கத்து இருக்கைக்காரிக்கு உயிராக இருக்கலாம். அன்புள்ள பெற்றோர்களே! மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போது, “தையலில் என்ன கற்றாய்? நூலகத்தில் என்ன படித்தாய்?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். மேல்நிலை வகுப்பில் கணிதம், உயிரியல், வணிகவியல், தொழிற்கல்வி என்று நாங்கள் பிரிந்து போகும் நாள் நெருங்கிவிட்டது. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும், அடுத்த பிரிவில் படிப்பவளைக் குறைவாக எண்ண மாட்டோம் என்று எங்களுக்குள் உறுதி செய்துகொண்டோம்.

அதோ, மணி அடிக்கிறது. அடுத்த பாடத்துக்குப் புத்தகத்தை எடுப்போமாக!

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு